இரண்டரை அடி

வீட்டுக்காரர் அதைக் கொல்லைப்புறம் என்கிறார்,
வாடகை பேசும்போது மட்டும்.
சமையலறைச் சுவருக்கும்
ரயில்வே காம்பவுண்டுக்கும் நடுவே
இரண்டரை அடி.
நான் அதில் நண்டு மாதிரி பக்கவாட்டில் போவேன்.
கெசியா நேராக நடப்பாள்.
ஜோயல் ஓடுவான்.

கொருக்குப்பேட்டைக்கு இன்று மழை லீவு.
ரயில்வே கேட் மூடித் திறந்து மூடுகிறது.
கரண்ட் விடியற்காலையே போய்விட்டது.
செல்லில் நாலு சதவீதம்.
இவரை யார்டிலிருந்து கூப்பிட்டால் வேண்டுமே என்று
அரிசி டப்பா மேல் வைத்திருக்கிறேன்,
குழந்தைகள் கைக்கு எட்டாமல்.

"அம்மா, நம்ம வீட்ல எத்தினி உசுரு கீது?"
நாலு என்றேன், பாத்திரம் தேய்த்துக்கொண்டே.
"அப்போ பின்னாடி கீறதெல்லாம்?"

கேஸ் பில்லின் பின்பக்கம்.
என்னுடைய மொக்கைக் கண்மைப் பென்சில்.
முதலில் சட்டம் போட்டார்கள்:
தானாக அசைந்தால் உசுரு.
காற்று அசைத்தால் கணக்கில் வராது.
கொடியில் ஆடிய பாவாடை
அத்தோடு போட்டியிலிருந்து விலகியது.

டிரம்முக்கு அடியில் ஒரு மரவட்டை.
தொட்டதும் சட்டைப் பொத்தானாகிவிட்டது.
பொத்தான் அசையாதே என்று ஜோயல் அடித்தான்.
அது நீண்டு நடந்ததும்
அடித்ததற்குப் பக்கத்தில் மறுபடி எழுதினான்.
நத்தை மூன்று.
பைப்புக்குப் பின்னால் சிலந்தி, கோபமாக.
எறும்பை எண்ணிப் பார்த்துத் தோற்று
"எறும்பு, ஒரு குடும்பம்" என்று முடித்தார்கள்.
உடைந்த குடத்தில் கொசுப்புழு.
கொட்டுங்கடா என்று கத்தினேன்.
"எய்திட்டுக் கொட்றோம்மா."

கூட்ஸ் வண்டி போனது.
சுவர், டிரம், என் பல் எல்லாம் அதிர்ந்தன.
தானாகத்தானே அசையுது என்கிறான் இவன்.
டிரைவர்தான் உசுரு என்கிறாள் அவள்.
"டிரைவர் 1. பாக்கல."

பப்பாளியை யாரும் நடவில்லை.
பல்கீஸ் அக்கா ஜன்னல் வழியாக எறிந்த
ஏதோ ஒரு சாயங்காலத்தின் விதை.
அது அசையாது, வெட்டு என்றான் ஜோயல்.
கெசியா தன் தோளைத் தொட்டுக் காட்டினாள்:
"கால்பரீட்சை அப்போ இங்க இருந்துச்சு.
இப்போ ஷீட்ட முட்டுது.
அது மெதுவா அசையுதுடா, உனக்குப் பொறுமை இல்ல."

உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.
நைட் ஷிப்ட் முடித்து ஆறு மணிக்கு விழுந்தவர்
கவிழ்ந்த படகாகக் கிடந்தார்.
வெகுநேரம் குனிந்திருந்தான் ஜோயல்.
"முதுகு ஏறி எறங்குது. எய்திக்கோ."

பதினொன்றுக்கு எழுந்தவர்
தேநீர்கூடக் கேட்காமல் அவர்கள் பின்னாலேயே வந்தார்.
ஷீட்டுக்கு அடியில் சிக்கிய பப்பாளி இலைகளுக்கு
மழை எட்டவில்லை.
எண்ணூர்ச் சாம்பலோ, ஹார்பர் கரியோ,
எங்களுக்கு வித்தியாசம் தெரிந்த நாள் இல்லை.
அந்தச் சாம்பலில் ஜோயல் தன் பேரை எழுதியிருந்தான்,
லகரம் திரும்பி நின்றது.
இவர் பழைய பனியனை டிரம்மில் நனைத்தார்.
இலைக்கு அடியில் இடது கையை ஏந்தி
வலது கையால் துடைத்தார், காம்பிலிருந்து நுனிக்கு.
பிள்ளைகளுக்கு இவர் முகம் கழுவிவிட்டு
நான் பார்த்ததில்லை.
அவர்கள் பள்ளிக்குக் கிளம்புகிற நேரத்தில்
இவர் எப்போதும்
ஏதோ ஒரு கண்டெய்னருக்குப் பின்னால் இருப்பார்.

பேர் போச்சே என்று அழுதான் ஜோயல்.
துடைக்காமல் ஒரு இலையை விட்டுக் கொடுத்தார்.

கணக்கு முப்பத்தொன்று.
பேப்பரை வாங்கி மேலிருந்து கீழே படித்தேன்.
டிரைவர்கூட இருக்கிறார்.
"நான் எங்கடி?"
கெசியா யோசித்தாள்.
"நீ வாசப்படில நின்னு பாத்துகினே இருந்தம்மா.
அசையவே இல்ல."

என்ன சொல்வது.
அடுப்பில் உலை மூடியைத் தள்ளியது.
ஓடினேன், பக்கவாட்டில்,
முழங்கை சுவரில் உரசி எரிய.
பின்னாலிருந்து குரல் வந்தது:
"அசையுது, அசையுது! எய்து!"