ஓவர்

நீரோடியில் தமிழ்நாடு முடிகிற இடத்தில்
ஒரு கோல்போஸ்ட் நிற்கிறது.
எதிர் கோல்போஸ்ட் கேரளத்தில்.
நடுவே மணல், நண்டு வளை,
காலையில் போட்டு மதியத்துக்குள்
காற்று தின்ற சுண்ணாம்புக் கோடு.

பாறசாலையிலிருந்து வந்திருந்தார் ரெஃப்ரி சுகதன்.
தபாலாபீஸில் வேலை.
காலுறையை முட்டுவரை இழுத்துவிட்டு
யாரிடமும் சிரிக்காமல் காசு சுண்டினார்.
சிரித்தால் விலைபோய்விட்டான் என்பார்கள்.
எனக்குத் தெரியும்,
சொல்கிறவர்களே நாங்கள்தான்.

எங்கள் கோலி கழுகாசலம்,
ஐஸ் கம்பெனி வேலைக்கு வந்த கோவில்பட்டிக்காரன்.
பந்து வருகிற வேகத்தில்
முழுப்பெயரைச் சொல்லி முடிக்க முடியாது.
ஆகவே பட்டி.
பதினேழாம் நிமிடம் பந்து உயரே வந்தது.
"பட்டி! வெளிய வா, பட்டி!" என்று கத்தினேன்.
என் முன்னால் நின்றவர் சுகதன்.
மலையாளத்தில் பட்டி என்றால் நாய்.

மஞ்சள் அட்டை.

நான் விளக்கினேன்.
விளக்கினேன் என்பது இப்போது சொல்வது.
அப்போது அவர் மூக்குக்கு நாலு விரல் தூரத்தில்
என் வாய் இருந்தது,
என் பின்னால் இன்னும் ஆறு வாய்.
அவர் வாயில் விசில்.

படகில் வயர்லெஸ் என் பொறுப்பு.
பொத்தானை அமுக்கினால் பேசலாம், கேட்காது.
விரலை எடுத்தால்தான் அடுத்தவன் குரல் வரும்.
பேசி முடித்ததும் ஓவர் என்போம்.
கிரிக்கெட் ஓவர் இல்லை.
எடுத்துவிட்டேன், இனி நீ சொல்லு என்று அர்த்தம்.
முகம் தெரியாத எவனோ ஒருத்தனிடம்
நடுக்கடலில் தவறாமல் சொல்கிற வார்த்தை
நாலு விரல் தூரத்தில் வரவில்லை.

இடைவேளையில் தனியாகப் போனேன்.
எலுமிச்சைத் துண்டை உறிஞ்சியபடி
கொடிக்கம்பு நிழலில் ஒற்றையாய் உட்கார்ந்திருந்தார்,
அந்த நிழல் ஒரு ஆளுக்குக்கூடக் காணாது.
"சார், அவன் ஊரு கோவில்பட்டியாக்கும்."
அவ்வளவுதான் சொன்னேன்.
கழுகாசலத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
தோள் குலுங்கத் தொடங்கியது.
"எழுதிப் போயல்லோ" என்றார்,
"கார்டு கார்டு தன்னெ.
பக்ஷே, இனி சொல்லிட்டு ஊதாம்.
நிங்ஙளுடெ பேரெந்தா?"

இரண்டாம் பாதியில்
விசிலுக்குப் பின்னாலேயே காரணமும் வந்தது.
"ஜெர்பின், பின்னிலிருந்து தள்ளினே."
திறந்த வாயை
கேட்க ஒன்றும் மிச்சமில்லாமல் மூடினான் ஜெர்பின்.

கடைசி நிமிடம். ஒன்றுக்குப் பூஜ்யம், நாங்கள் முன்னால்.
காற்று மணலை வாரி அடித்தது.
எங்கள் கோல் வாசலில் பந்து
என்மேல் பட்டுத் தெறித்தது.
பொழியூர்க்காரர்கள் மொத்தமாய்க் கை தூக்கினார்கள்.
கண்ணைத் தேய்த்துக்கொண்டே ஓடிவந்தார்,
விசிலை வாயிலிருந்து எடுத்தார்.
"சில்வேரி, கையில் தட்டியோ?"

இருபது வருட ஆட்டத்தில்
என்னிடம் கேட்ட முதல் ரெஃப்ரி.
அவர் விரலை எடுத்துவிட்டார். இனி நான்.

நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன்.

நம்பினார்.
பொழியூர்க்காரர்களின் ஏச்சையெல்லாம்
எனக்காகத் தனியாக நின்று வாங்கினார்.
கோப்பையோடு எடுத்த படத்தில் ஒரு ஓரத்தில் இருக்கிறார்,
பாதி முகம், கண் இன்னும் சிவந்து.

இன்றோடு கடலில் பதினோரு நாள்.
பக்கத்துப் படகு காற்றைப் பற்றிக் கேட்கிறது.
உள்ளது உள்ளபடி சொல்கிறேன்.
ஓவர்.
விரலை எடுத்த பிறகு வருகிற இரைச்சலில்
எலுமிச்சை வாசத்தோடு
ஒரு கேள்வி இன்னும் காத்திருக்கிறது.

பாறசாலைக்கு எட்டாது இந்த வயர்லெஸ்.
கரைக்குப் போனதும் பஸ் ஏறி
அவர் கவுண்டரிலேயே ஒரு தபால் கார்டு வாங்கி
அங்கேயே நின்று ஒற்றை வரி எழுதி
அவரிடமே நீட்ட வேண்டும்.

அதுவும் மஞ்சள்தான்.