மெள்ளத் தொற

அமாவாசை ஏற்றத்தில் இழுத்து வந்து
தாருகானா சேற்றில் மூக்கை ஏற்றிவிட்டார்கள்.
பெயரை முன்பே கழற்றியிருந்தார்கள்.
பீரங்கி நின்ற இடத்தில்
வட்டமாய் ஒரு தழும்பு.
ஏவுகணைக் குழாய் உட்கார்ந்திருந்த மேடையில்
இம்தியாஸ் சோற்று டப்பாவை வைக்கிறான்,
வெயிலுக்கு அது சூடாகவே இருக்குமாம்.

எனக்குத் தெரிந்தது கூலி.
முன்ஷிக்குத் தெரிந்தது எத்தனை டன்.
அதற்கு மேல் இந்தக் கப்பலைப் பற்றி
எங்களிடம் யாரும் சொல்லவில்லை.

தகட்டை வெட்டினால் விளிம்பு சொல்லும்:
சாம்பல் மேல் சாம்பல், ஒரு கோடு சிவப்பு,
மறுபடி சாம்பல்.
ஓர் இடத்தில் எண்ணினேன், இருபத்து மூன்று பூச்சு.
அத்தனை தடவை எவனோ
கயிற்றில் தொங்கி உப்பைச் சுரண்டியிருக்கிறான்.
இடப்பக்கம் ஒரு ஒட்டு. ஜெட்டியில் இடித்திருக்கும்.
குண்டு பட்ட தடம் எங்கேயும் இல்லை.
இரவுக் கூர்க்காவைப் போல
கரையோரமாகவே போய்ப் போய்த் திரும்பியிருக்கிறது,
திருடன் வராததற்கு
யார் சம்பளம் கூட்டித் தருவார்கள்?

ஏழாம் நாள் எஞ்சின் அறை.
குழாயெல்லாம் காலி என்று காகிதம் இருந்தது.
கேஸைப் பற்றவைத்து
கறுப்புக் கண்ணாடியை இறக்கப்போகும்போது
வால்வுக்குப் பக்கத்தில், வெள்ளை பெயின்டில்,
தமிழ்.

“மெள்ளத் தொற. சீறும்.”

அரசாங்கத் தகடு ஒரு சாண் தள்ளி இருந்தது,
இந்தியும் இங்கிலீஷும் துருவாகி.
தொற என்று எழுதுகிறவன்
அம்பாசமுத்திரத்துக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ.
யாருக்கு எழுதினான்?
அடுத்த ஷிப்டுக்காரனுக்கா,
தூக்கத்தில் வரும் தன் கைக்கேவா?

நெருப்பை அணைத்தேன்.
மெள்ளத் தொறந்தேன்.
சீறியது.
பழைய டீசல், கழுத்து வரைக்கும்.

சத்தம் கேட்டு ஓடி வந்த இம்தியாஸ்
“பேர் போட்டிருக்கா?” என்றான்.
இல்லை.
கொஞ்ச நேரம் இரண்டு பேரும்
பெயின்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
அவன் சட்டையைக் கழற்றி என் முகத்தைத் துடைத்தான்.

மறுநாள் அந்தச் சுவரை
எழுத்தில் படாமல் சுற்றி வெட்டினேன்.
ஏன் என்று கேட்டால் பதில் இல்லை,
எப்படியும் உலைக்குத்தான் போகிறது.
சிவ்ரி பக்கம் பூநாரைகள் இறங்கியிருந்தன.
பதினோரு கிலோ என்றார் முன்ஷி,
எழுத்துக்கென்று எதுவும் கழிக்காமல்.