கழற்றும் அறை

கோத்தகிரி ஆஸ்பத்திரியில் அந்த ஆடி முழுக்க
என் வேலை, பார்த்துக்கொண்டிருப்பது.
பிளாஸ்டிக் தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்டூல்,
ஒரு பதிவேடு, நூலில் கட்டிய பேனா.
அந்தப் பக்கம், வார்டிலிருந்து வருகிறவர்கள்
ஒவ்வொருவராக நிற்பார்கள்.
நான் சொல்லச் சொல்ல உரிப்பார்கள்.

கையைக் கழுவு.
மேல் கையுறை. உள்பக்கம் வெளியே வரட்டும்.
மறுபடி கையைக் கழுவு.
கண்ணாடியைப் பின்னாலிருந்து எடு, முன்பக்கம் தொடாதே.
இப்போது ஜிப்.
மெதுவாக. மெதுவாக என்றேன்.

சுவரில் ஒட்டியிருப்பதை அப்படியே வாசிப்பதால்
டாக்டருக்கும் ஒருமைதான்.

முகம் கடைசியில்தான் வரும்.
அதற்குள் எனக்கு ஆள் தெரிந்திருக்கும்:
டாக்டர் போஜராஜ் இடது காலை ஊன்றும் விதம்,
ஜூலியட் சிஸ்டர் மூச்சை அடக்கிக்கொண்டு
ஜிப்பை இழுப்பது. ஆறு மணி நேரம்
சிறுநீரை அடக்கியவளுக்கு மூச்சு எம்மாத்திரம்.

சமவெளியில் இந்த உடைக்குள் வெந்து போகிறார்களாம்.
இங்கே வேறு மாதிரி.
உள்ளே ஊறிய வியர்வை
ஜிப் இறங்கிய நொடியில் ஐஸாகும்.
ஜன்னலைச் சாத்தக் கூடாது என்று உத்தரவு,
ஆடிக் காற்று எந்த உத்தரவையும் படித்ததில்லை.
பல் தந்தியடிக்க நிற்பவர்களிடம் நான் சொல்வேன்:
இன்னும் ஷூ கவர் இருக்கிறது.

ரோட்டில் பனி இறங்கினால்
வண்டிகள் விளக்கைப் போட்டு ஊர்ந்தாவது போகும்.
கண்ணாடிக்குள் இறங்கிய பனியை என்ன செய்வது?
கட்டபெட்டுக்காரர் ஒருவருக்கு
இரண்டு கையுறைக்கு மேலிருந்து
தடவியே நரம்பைப் பிடித்தாள் ஜூலியட்.
"ஊசி போட்டது தம்பியா, பாப்பாவா?" என்றாராம் அவர்.
சொல்லிச் சிரித்தாள்.
மூக்குத்தண்டில் தோல் உரிந்திருந்தது.

சின்னராணி வந்து நின்றது ஒரு செவ்வாய்க்கிழமை.
ஒப்பந்தத்தில் கூட்டுகிறவள்.
வந்த பெட்டியில் எல்லாமே பெரிய சைஸ்,
இவளோ கீழ்த்தட்டுக்கே எக்குகிறவள்.
கால் பக்கத்தை மூன்று மடிப்பாக்கிப்
பிளாஸ்திரி சுற்றியிருந்தாள்.
தேயிலைக் காட்டில் படங்கு கட்டிப் பழகிய கை,
இடுப்பில் அந்த முடிச்சு அப்படியே இருந்தது.
முழங்காலில் ஒரு கிழிசல்.
அஞ்சு ரூபாய்க் காசு நுழையும்.

"கட்டிலடியில வாந்தி. மண்டி போட்டுத் துடைச்சேன்,"
நான் கேட்பதற்கு முன்னால் சொன்னாள்.
பிறகு, "எழுதிராதீங்க சிஸ்டர்."

பதிவேட்டில் ஒரு கட்டம் உண்டு.
கிழிசல்: ஆம், இல்லை.
ஆம் என்றால் பதினாலு நாள் லாட்ஜில் தனிமை.
எங்களுக்கு அது பணி நாள்.
காண்டிராக்டர் கணக்கில் அது வராத நாள்.
தடுப்புக்கு இரண்டு பக்கமும் இது தெரியும்.

"பையனுக்குப் போன் தவணை..." என்று தொடங்கியவள்
முடிக்கவில்லை.
கையைக் கழுவு என்றேன்.
கழுவினாள். மேல் கையுறை என்றேன்.
ஒரு படி தப்பாமல்
அன்று யாரையும் விடச் சுத்தமாக உரித்து
மஞ்சள் கூடையில் போட்டாள்.

ஆம் என்று எழுதினேன்.
விட்ட பேனா நூலோடு ஆடியது.
அவள் அதைத்தான் பார்த்தாள்.

ஐந்தாம் நாள் முடிவு வந்தது: தொற்று இல்லை.
அப்படியும் பதினாலு, பதினாலுதான்.
சம்பளம் கேட்டு மனு எழுதினோம், ஏழு கையெழுத்து.
பரிசீலனையில் இருக்கிறது, இன்றுவரை.
லாட்ஜ் வாசலில் ஜூலியட் வைத்த பணக்கவர்
பிரிக்காமல் திரும்பியது.
கொடுத்தவர் பட்டியலில் என் பெயர் முதலில் இருந்தது.

பதினைந்தாம் நாள் ஷிப்டு முடிந்து
தடுப்புக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள்.
இரண்டு முழங்காலிலும், கிழியாத இடத்தில்,
நாலு சுற்றுப் பிளாஸ்திரி.
நான் வாயைத் திறந்தேன்.
"நீங்க சொல்ல வேணாம். எனக்குத் தெரியும்."

கை.
மேல் கையுறை.
கை.
கண்ணாடி, பின்னாலிருந்து.
முகக்கவசத்துக்குள் என் உதடு மட்டும்
சத்தமில்லாமல் கூடவே போனது.

முகம் வந்தது.
கட்டத்தின் மேல் பேனாவை வைத்துக் காத்திருந்தேன்.
"இல்ல," என்றாள். "எழுதிக்கங்க."