புகார்க் கடிதத்தில் சேர்க்காதவை

திரு. பென்ஃபோல்ட்,
தேதி, தொகை, பக்க எண் போதும்,
கோபம் வேண்டாம் என்றார் எங்கள் சொலிசிட்டர்.
அதனால் அந்தக் கடிதத்தில்
கட்டிலின் கால் இல்லை.

மார்ச் மாதத்து ஞாயிறு.
கெட்டரிங்கில் அந்த வாரம் வெயில் வந்த ஒரே நாள்.
மெத்தையைத் திருப்பிப் போட்டோம்.
பலகை முனகக்கூட இல்லை,
ரஸ்க் போல நொறுங்கிக் காலை உள்ளே வாங்கிக்கொண்டது.
"கறையான்" என்றான் நிரஞ்சன்.
இந்த ஊரில் கறையான் கிடையாதாம்.
வண்டு. அதன் புழு.
குண்டூசித் தலையளவு துளைகள்,
துளையடியில் சலித்த மாவு.

உங்கள் அறிக்கை நாற்பத்தொரு பக்கம்.
பக்கம் பதினேழில்
பூச்சி அரிப்பின் அறிகுறி
காணப்படவில்லை.
இல்லை என்று நீங்கள் எழுதவில்லை.
அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில்தான்
ஐந்து மாதம் உறங்கியிருக்கிறோம்.

கம்பளம் கிடந்தது, தூக்க உங்களுக்கு அனுமதி இல்லை.
சரி.
விற்றவர் படிவத்தில் "தெரியாது" என்று டிக் போட்டுவிட்டு
ஸ்பெயினுக்குப் போய்விட்டார்.
கம்பளத்தின் ரசீது மட்டும்
மீட்டர் பெட்டிக்குள் மடித்துக் கிடந்தது,
எங்களிடம் சாவி தருவதற்கு
பதினோரு வாரம் முந்தைய தேதியோடு.

நஷ்டம் எவ்வளவு என்று கேட்டேன்.
பலகை மாற்றும் செலவு அல்லவாம்.
புழுவோடு சேர்த்து அன்றைக்கு வீடு என்ன விலை போகும்,
நாங்கள் கொடுத்தது என்ன,
கழித்தால் மிஞ்சுவது.
புழுவுக்கும் சட்டத்தில் ஒரு விலை இருக்கிறது.

உங்கள் பதிலுக்கு எட்டு வாரம்.
பிறகு குறைதீர்ப்பாளர்.
பிறகு கோர்ட்டு.
ஆறு வருடம் அவகாசம் இருக்கிறது என்று
ஆறுதலாகத்தான் சொன்னார் சொலிசிட்டர்.
புழு மரத்துக்குள் இருப்பது மூன்று, நான்கு வருடம்.
அது முந்திக்கொள்ளும்.

அதுவரை மெத்தை சமையலறையில்.
அங்கே தரை கான்கிரீட்.
ஃபிரிட்ஜ் உறுமி நிற்கும்போதெல்லாம்
விழித்துக்கொண்டு
மேலே காது கொடுக்கிறோம்.

பக்கம் இருபத்தொன்பது, படம் பன்னிரண்டு.
பரணில் தண்ணீர்த் தொட்டிக்காக நீங்கள் எடுத்தது.
தொட்டி தெளிவாக விழுந்திருக்கிறது.
டார்ச் வெளிச்சம் வழிந்து
பக்கத்து உத்தரத்தில் பட்டிருக்கிறது.
நிரஞ்சன் பெரிதாக்கி எண்ணினான்,
முப்பத்தாறு துளைகள்.
இதைப் பார்த்துத்தான் சொலிசிட்டர்
முதல் தடவையாகச் சிரித்தார்.

அதே படத்தின் கீழ் மூலையில்
உங்கள் கட்டைவிரல்,
அதில் நனைந்து பிரியும் பிளாஸ்டர்.
என்ன காயமாக இருக்கும் என்று
இரண்டு நாள் யோசித்தேன்.

விரல் வராதபடி வெட்டி இணைத்திருக்கிறோம்.
முழுப் படம் உங்களிடமே இருக்கும்.