தெரியாத விருப்பம்: -4

ஜூனில் எழுதியது.
கயானி ஊரில் அப்போது சூரியன்
பேருக்குத்தான் படுக்கப் போகும்;
திரையில் எழுத்தெல்லாம் வெளிறிக் கிடக்கும்.
நகராட்சிக்கு ஒரு சின்ன ஜாவா நிரல்:
பாலத்து வெப்பநிலையைத் தட்டினால்
சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் உப்பு என்று சொல்லும்.

ஜாவாவின் வாசலுக்கு எதுவும் எண்ணாக வருவதில்லை.
சாலையின் பெயர் சரம், தேதி சரம்,
குளிரும் சரம்.
ஒவ்வொன்றாய் எடுத்து முதல் எழுத்தைப் பார்த்தேன்:
கோட்டில் தொடங்கினால் விருப்பம்,
இல்லையென்றால் மதிப்பு.
அவ்வளவுதான் என் நீதி.
நான்கு கொடுத்தேன். பதினொன்று. பூஜ்யம்.
எல்லாம் பச்சை.
பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிப் பார்க்க
அந்த வெளிச்சத்தில் எனக்குத் தோன்றவில்லை.

அக்டோபர். இரவு மூன்று பத்து.
உப்புக் கிடங்கிலிருந்து உர்ப்போ.
"உன் நிரல் என்கூட சண்டை போடுது."
"என்ன சொல்லுது? அப்படியே படிங்க."
"தெரியாத விருப்பம்: -4."
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும்.
"ஐலி, இது என் விருப்பம் இல்ல.
யாரோட விருப்பமும் இல்ல.
வெளியே வந்து பாரு."

போர்வைக்குள்ளேயே புரிந்துவிட்டது.
குறைவைச் சொல்லும் கோடும்
ஏவலைச் சொல்லும் கோடும்
விசைப்பலகையில் ஒரே கட்டை.
உறைபனி தன் பெயரைச் சொல்லித்தான் வந்தது.
நான் அதை உத்தரவென்று எண்ணி
பட்டியலில் தேடி
அப்படி யாரும் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டேன்.

உப்பேற்றிய மூன்று வண்டிகள்
எஞ்சின் உறும, நகராமல்.
பாலத்தில் ஒரு பால் லாரி
குறுக்கே திரும்பி, சாத்திய கதவு போல.
ஓட்டுநருக்கு ஒன்றுமில்லை; சிகரெட் கேட்டாராம்.

என்றோ படித்த ஞாபகத்தில்
ஒரே ஒரு விதிவிலக்கு வைத்திருந்தேன்:
இரண்டு கோடு தனியாக வந்தால்
அதன்பின் வருபவரை யாரென்று கேட்காதே.

"முதல்ல ரெண்டு கோடு போடுங்க. இடைவெளி. அப்புறம் உங்க -4."
"மொத்தம் மூணு கோடா? அவ்வளவு குளிர் இல்லையே."
"போடுங்க."
இரண்டு விரலால் தட்டுகிறவர்.
ஒவ்வொரு கட்டையும் எனக்குக் கேட்டது.
"பதினெட்டு கிராம்," என்றார். வைத்துவிட்டார்.

காலையில் ஒரு வரி சேர்த்தேன்:
கோட்டுக்குப் பின் இலக்கம் வந்தால் அது மதிப்பு.
இனி எவராவது ஒரு விருப்பத்துக்கு
-7 என்று பெயர் வைத்தால் உடையும்.
வைக்கட்டும்.
மேலாளர் ஈவியின் படிவத்தில்
'பிழைக்கான காரணம்' என்ற கட்டத்தில்
'ஜூன்' என்று எழுதினேன்.
திருப்பி அனுப்பினார். மறுபடியும் அதையே எழுதினேன்.

உர்ப்போ புதிய பதிப்பை நம்பவில்லை.
இன்னமும் இரண்டு கோடு போட்டுத்தான் தொடங்குகிறார்.
டிசம்பரில் ஓர் இரவு கைபேசியில் செய்தி,
வணக்கமில்லை, பெயரில்லை:

-- -31

அந்தக் குளிரில் உப்பு எதற்கும் உதவாது என்பது
என்னைவிட அவருக்கு நன்றாகவே தெரியும்.