பதினேழு புள்ளி நாலு

தண்ணீர் எங்களுக்குக் கடைசியில்தான் வரும்.
கடைமடை.
போன் மட்டும் முதலில் வந்துவிடுகிறது.

காலை ஆறே முக்காலுக்கு ஒருத்தி.
என் பெயர் தையல்நாயகி;
பெயரைப் பார்த்துவிட்டு
தையல் மெஷினுக்குக் கடன் வேண்டுமா என்றாள்.
பல் விளக்கிய நுரையோடு வேண்டாம் என்றேன்.
எட்டு மணிக்கு அதே குரல், வேறு பெயர்.
அப்புறம் செங்கல்பட்டுப் பக்கம் மனை,
கிணற்றுத் தண்ணீர் இனிக்குமாம்.
இன்னொன்று, நான் பேச இடம் விட்டு விட்டுப் பேசியது.
சாப்பாடு ஆச்சா என்றுகூடக் கேட்டுவிட்டேன்.
பிறகுதான் தெரிந்தது மனுசி இல்லை, பதிவு என்று.
நல்லவேளை, பக்கத்தில் யாருமில்லை.

தெரியாத நம்பரை எடுக்காதீங்க அண்ணி,
என்கிறான் திருப்பூரிலிருந்து கொழுந்தன்.
அவனுக்கென்ன.
கொள்முதல் நிலையத்தில் என் டோக்கன் நாற்பத்தெட்டு.
குறுவை நெல் தார்ப்பாய்க்குள் வேர்த்துக் கிடக்கிறது.
சாக்கு வந்த சேதி புது நம்பரில் வரும்.
லாரிக்காரன் புது நம்பர்.
லோடுமேன் வைரக்கண்ணு மாசம் ஒரு சிம் மாற்றுகிறவன்.
எடுக்காவிட்டால் வரிசை போய்விடும்.
ஆகவே எல்லாவற்றையும் எடுக்கிறேன்,
கொல்லைக்குள் புகுந்த ஆடுகளை
ஒவ்வொன்றாகக் காதைத் தூக்கிப் பார்க்கிற மாதிரி.

செவ்வாய்க்கிழமை ஒருவன்.
பேங்க்லேர்ந்து பேசுறேன் மேடம்,
உங்க நெல்லுப் பணம் வந்து நிக்குது,
கணக்கு முடங்கியிருக்கு,
மெசேஜ்ல ஒரு நம்பர் வரும், சொல்லுங்க.

தூறல்.
தார்ப்பாய் நடுவில் குளம் கட்டியிருந்தது.
கழியால் முட்டித் தூக்கி வழியவிட்டுக்கொண்டே
தோளுக்கும் காதுக்கும் நடுவே அவனை இடுக்கியிருந்தேன்.
நெல்லே இன்னும் எடைக்கு ஏறலையே தம்பி,
பணம் எப்படி வந்து நின்னுச்சு?
கொஞ்சம் மூச்சு மட்டும் கேட்டது.
மெசேஜ் பாருங்க மேடம்.
சரி, எழுதிக்க.
பதினேழு புள்ளி நாலு.
அது இல்ல மேடம்.
அதேதான். அந்தப் புள்ளி நாலு ஈரத்துக்குத்தான்
நாலு நாளாக் காயவைக்கிறேன்.
அதை எறக்க ஒரு வழி சொல்லு,
நீ கேக்குற நம்பரைத் தர்றேன்.
அவனுக்குப் பின்னால் வேறு குரல்கள்,
மேடம், மேடம் என்று
ஒரே வயலில் இறங்கின நடவு ஆட்கள்போல.
வைத்துவிட்டான்.

டீக்கடை வரை இதைக் கொண்டுபோய்ச் சொன்னேன்.
மல்லிகேஸ்வரி சிரித்த சிரிப்பில் டம்ளர் உருண்டது.
காமு மட்டும் சிரிக்கவில்லை.
மாசி மாதம் அவள் ஒரு நம்பரைச் சொல்லிவிட்டாள்,
பதினோராயிரம்.
யாரிடமும் சொன்னதில்லை.
சங்கிலி அடகுக்குப் போன தேதியை வைத்து
நானாகக் கண்டுபிடித்தது.
கதையைப் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

வியாழக்கிழமை நெல் போட்டாயிற்று.
சனிக்கிழமை மதியம் புது நம்பர்.
அம்மா, உங்க கணக்கு நம்பர் இடிக்குது,
கடைசி நாலு எண் சொல்லுங்க.
அம்மா என்றான், மேடம் என்று சொல்லவில்லை.
அதையாவது கவனித்திருக்கலாம்.
பக்கிரிசாமியிடம்கூட எடுக்காத வசவெல்லாம் எடுத்தேன்,
அவன் தாயார் வரைக்கும் போனேன்.
வைக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தான்.
முடிந்ததும், சரிம்மா,
திங்கக்கிழமை பாஸ்புக்கை எடுத்துக்கிட்டு
நிலையத்துக்கு வாங்க என்றான்.

பில் போடுகிற மேசையில்
காதில் பேனா செருகிய பையன்.
இன்றைக்கும் அம்மா என்றதும் எனக்குத் தெரிந்துவிட்டது.
நான் வாயைத் திறந்ததும் அவனுக்கு.
இரண்டு பேரும் பாஸ்புக்கையே பார்த்தோம்.
ஏழு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று விழுந்திருந்தது.
திருத்தினான்.
இன்னும் எட்டு நாள் ஆகும்மா.

அறுப்பு மெஷின்காரன் எட்டு நாள் பொறுக்க மாட்டான்.
உரக்கடையிலும் பார்வை மாறிவிட்டது.

புதன்கிழமை ஆறே முக்காலுக்கு அவள் வந்தாள்.
தையல்நாயகி மேடம், மெஷின் லோன்.
நுரையைத் துப்பினேன்.
வாயைக் கொப்பளித்தேன்.
வட்டி எவ்வளவு என்று கேட்டேன்.