முன்பே இருந்த நோய்

விண்ணப்பத்தில் பதினொன்றாவது கேள்வி:
கடந்த ஐந்தாண்டுகளில் இவ்வீட்டில்
வெள்ளம் புகுந்ததுண்டா?
ஆம். இல்லை. இரண்டு கட்டங்கள்.
பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

கிச்சிப்பாளையம். திருமணிமுத்தாற்றுக்கு
நாலு சந்து தள்ளி, கீழ் வீடு.
வாடகை ஆறாயிரத்து ஐந்நூறு,
தண்ணீருக்குத் தனி.

தண்ணீர் போன ஐப்பசியில் வந்தது.
ஏற்காட்டில் சாயங்காலம் கொட்டியது
ராத்திரி ரெண்டு மணிக்கு
எங்கள் கட்டிலுக்கடியில் வந்து படுத்தது.
ஃபிரிட்ஜ், மெத்தை, அரை மூட்டை அரிசி.
நித்திலாவின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை
ஃபேனுக்கடியில் காயவைத்தோம்;
மடிப்பில் மை உரிந்து
கணக்குப் பாடத்தின் தொண்ணூற்றொன்று
இன்றைக்கும் எழுபத்தொன்று மாதிரிதான் தெரிகிறது.

"வருஷத்துக்கு ஆயிரத்து நானூத்திப் பதினாறு.
ஒரு நாளைக்கு நாலு ரூபாகூட வராதுங்க்கா"
என்கிறார் ஏஜெண்ட் அருள்ஜோதி.
எனக்கும் பெருக்கத் தெரியும்.
ஏழு வருஷம் கட்டி, ஏழு வருஷமும் வானம் நல்லபடி நடந்துகொண்டால்
சின்ன ஃபிரிட்ஜ் ஒன்றை
நானே தூக்கி ஆற்றில் விட்ட கணக்கு.
நடந்துகொள்ளாவிட்டால்?

என் வேலை அப்படி.
ஐந்து ரோடு பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில்
இன்சூரன்ஸ் மேசையில் உட்கார்ந்திருப்பவள் நான்.
வாழப்பாடி தாண்டவன் சர்க்கரையை மறைத்து
பாலிசி போட்டிருந்தார்.
முன்பே இருந்த நோய், தர இயலாது என்று வந்த மெயிலை
அவர் மனைவிக்குத் தமிழில் சொன்னது நான்தான்.
"சர்க்கரை ஊர்ல யாருக்குத்தாங்க இல்ல?" என்று கேட்டுக்கொண்டே
கவுன்ட்டரில் நின்றபடி தோட்டைக் கழற்றினார்.
திருகாணி ஒன்று கீழே உருண்டு
என் நாற்காலிக்கடியில் போயிற்று.
இருவரும் குனிந்து தேடினோம்.

வீட்டு ஓனர் லோகுராஜுக்கு எப்படியோ தெரிந்து போன்:
"இல்லைன்னு போடும்மா.
வீடு விலை பேசிட்டிருக்கேன்.
எழுத்துல ஏறிடுச்சுன்னா எவன் வாங்குவான்?"
தண்ணீர் நின்ற கோட்டுக்கு
சந்தனக் கலர் அடித்து மூடியவர் அவர்.
தை பிறப்பதற்குள் கோடு மேலே வந்துவிட்டது,
பீரோவுக்குப் பின்னால், என் முட்டிக்கு ஒரு சாண் மேலே.

தீ, திருட்டு, வெள்ளம், கலவரம், பாறைச் சரிவு
எல்லாம் உண்டாம்.
"ஓனர் வீட்டை வித்துட்டா?" என்றேன்.
அருள்ஜோதி சிரித்தார்.
"அதுக்கு எந்தக் கம்பெனிலயும் இல்லைங்க்கா."

அடுத்த பக்கம், பொருட்களின் மதிப்பு.
தையல் மெஷின், கல்யாணத்துக்கு வந்தது, பில் இல்லை.
கிரைண்டர், பில் நனைந்துவிட்டது.
டிவி, பாதி தவணை பாக்கி.
கூட்டிப் பார்த்தால் ஒரு லட்சத்து இருபத்தேழாயிரம்.
ஒரு நிமிஷம் பணக்காரி மாதிரி
நிமிர்ந்து உட்கார்ந்தேன்.
பிறகு தேய்மானம் கழித்தார் அவர்.

பதினொன்றுக்குத் திரும்பினேன்.
இந்த வீட்டுக்கும் முன்பே இருந்த நோய்.
ஆம் என்று அழுத்தி டிக் அடித்ததில்
பேனா அடுத்த தாள் வரைக்கும் பதிந்தது.

பத்து நாள் கழித்துப் பதில்:
இரண்டாயிரத்து நூற்றெழுபது,
முதல் ஐயாயிரம் நஷ்டம் என் பொறுப்பு.
அன்றைக்கே கொண்டலாம்பட்டி பக்கம் போய்
ஹாலோ பிளாக் கல் நாலு வாங்கினேன்,
ஆட்டோவோடு சேர்த்து முந்நூற்று முப்பது.
ஃபிரிட்ஜை ஏற்றி வைத்தாயிற்று.

பணத்தையும் கட்டினேன்.
சீட்டுப் பணம் வந்திருந்தது, அதனால்.
வராமலிருந்தால் கட்டியிருப்பேனா, தெரியவில்லை.
லோகுராஜ் இந்த மாதம் வாடகையை
வாங்கிக்கொண்டார், முகம் பார்க்கவில்லை.

நித்திலா இப்போது தண்ணீர் பாட்டில் எடுக்க
எக்கி நிற்கிறாள்.
"எப்பம்மா கல்லை எடுப்பே?" என்கிறாள்.
வெளியே ஆவணி வெயில்.
மார்கழி வரட்டும் என்றேன்.